பாடம் 7: வேலைக்கு முன் பேச்சு, வேலைக்குப் பின் கணக்கு

காலையில் நீங்கள் சிலாவத்துறையில் ஒருவருடைய படகில் தொழிலுக்குப் போகிறீர்கள். பின்னேரம் திரும்பி வரும்போது உங்கள் காணியில் ஒரு மேசன் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் நீங்கள் தொழிலாளி. பின்னேரம் நீங்களே முதலாளி.

மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு இது புதிய நிலைமை. புத்தளத்தில் உப்பளத்திலும் தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்கள், இன்று வீட்டுத் திட்டப் பணத்தை வைத்துத் தாங்களே ஆள் பிடித்து வீடு கட்டுகிறார்கள். உதாரணமாக, இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. இப்படியான பணம் ஒரேயடியாக வராது. ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை வரும். ஆகவே மேசனுடன் பிணக்கு வந்தால் வீடும் நின்றுவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களும் 2007இல் இடம்பெயர்ந்தவர்களும் இன்று முசலியில் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் மீண்டும் வாழத் தொடங்கியிருக்கிறோம். மேசன் ஓர் ஊர், வீட்டுக்காரர் இன்னோர் ஊர். சம்மாட்டி ஓர் ஊர், படகில் போகிறவர் இன்னோர் ஊர். இரண்டு பேருக்கிடையில் வந்த கூலிச் சண்டை, கவனிக்காமல் விட்டால் இரண்டு ஊருக்கிடையில் வந்த சண்டையாகிவிடும்.

இந்தக் கரையின் பழைய வழக்கம்

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்ற பெயர்கள் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பால் உலகமெங்கும் தெரிந்திருந்தன. 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு மிகப் பெரியது. ஆங்கில அரசாங்கம் நடத்திய அந்தக் குளிப்புகளில் ஆட்களுக்கு நாட்கூலி கிடையாது, பங்குதான். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு படகுக்காரரும் தங்கள் சிப்பியை மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்பதை அரச அலுவலர் காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு.

உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கு மூன்றில் ஒன்று போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முறையில் நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, கடலில் இறங்கும் முன்பே பங்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் வேறொருவர். அதனால் பிரிப்பவர் சமமாகத்தான் பிரிப்பார்.

நீங்கள் தொழிலாளியாக இருக்கும்போது

படகில் “பாதிப் பங்கு” என்று மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள். செலவு எங்கே கழிக்கப்படும் என்றும் கேளுங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். மீன் 12,000 ரூபாய்க்கு விற்றது. எண்ணெய்க்கும் ஐசுக்கும் 4,000 ரூபாய். படகில் இரண்டு தொழிலாளர்கள்.

- செலவை முதலில் கழித்தால் மிச்சம் 8,000. படகுக்காரருக்கு 4,000, தொழிலாளர் ஒருவருக்கு 2,000.
- முதலில் பாதியாகப் பிரித்து, தொழிலாளரின் பாதியில் செலவைக் கழித்தால் 6,000இல் 4,000 போய் மிச்சம் 2,000. ஒருவருக்கு 1,000.

அதே கடல், அதே மீன், அதே “பாதிப் பங்கு”. கையில் வரும் பணம் மட்டும் அரைவாசி. இதைக் கரையில் வந்து பேசினால் சண்டை. போகும் முன் பேசினால் ஒப்பந்தம்.

முற்பணம் வாங்கினால் திகதி, தொகை, கழித்த தொகை மூன்றையும் உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். கணக்கு முதலாளியின் கொப்பியில் மட்டும் இருந்தால் கடன் எப்போது முடியும் என்பது உங்களுக்குத் தெரியாது.

கடை, கம்பனி, தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்கிறீர்களா? அப்படியானால் சட்டம் தரும் இந்த உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- ஊழியர் சேமலாப நிதி: உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும், முதலாளி தன் பணத்தில் 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. சம்பளம் 20,000 என்றால் உங்கள் 1,600, முதலாளியின் 2,400, அதோடு இன்னும் 600.
- பணிக்கொடை: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு, வேலையை விடும்போது ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம்.
- வேலையிலிருந்து நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம். காலம் கடந்தால் வழி அடைபடும்.

உங்களுக்கும் கடமை உண்டு. வர முடியாத நாளை முதல் நாளே சொல்லுங்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் முதலாளியாக இருக்கும்போது

ஓர் உதாரணம். ஒரு குடும்பம் சொந்தக்கார மேசனிடம் வேலையைக் கொடுக்கிறது. “சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து? பிறகு பாப்பம், தம்பி” என்று சொல்லி, கூலி 150,000இல் 100,000ஐ முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். சுவர் எழும்ப முன் மேசன் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார். குடும்பம் கோபப்படுகிறது. மேசனிடம் கேட்டால் அவருக்கும் ஒரு குறை இருக்கிறது: “மூன்று நாள் சீமெந்து வரேல்ல. கையாளுக்கு நான் என்ர காசிலதான் குடுத்தன்.”

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். தவறு தொடக்கத்தில் நடந்தது. இப்படிச் செய்திருந்தால்:

- கூலியை வேலைக் கட்டத்தோடு சேர்த்துப் பிரியுங்கள்: அத்திவாரம் 30,000, சுவர் 50,000, கூரை 40,000, பூச்சும் நிலமும் 30,000. ஒரு கட்டம் முடிந்ததும் அன்றைக்கே கொடுங்கள், இழுத்தடிக்காதீர்கள்.
- சீமெந்து, மணல், கல் யார் கொண்டுவருவது? பொருள் வராத நாளுக்குக் கையாளின் கூலியை யார் கொடுப்பது?
- சாப்பாடு, தேநீர் உண்டா?
- விழுந்து காயம் பட்டால் மருந்துச் செலவு யாருடையது?

இவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒவ்வொருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் வாசித்துக் காட்டட்டும். எழுதுவது அவநம்பிக்கை அல்ல. இரண்டு பேரின் ஞாபகமும் ஒன்றாக இருப்பதற்கு அது ஒரு வழி.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் மேசன் சில வேளை தாயை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் உறவினரிடம் கணக்குப் பேசுகிறார். தாய்மாரே, தாளில் உங்கள் பெயரையே எழுதுங்கள், பணத்தை உங்கள் கையாலேயே கொடுங்கள். அதேபோல் உங்களிடம் கூலிக்கு வரும் பெண்ணின் சம்பளத்தை அவருடைய கையிலேயே கொடுங்கள்.

பிணக்கு வந்துவிட்டால்

முதலில் இருவரும் தனியே, தாளையும் கொப்பியையும் வைத்துப் பேசுங்கள். கடைத்தெருவில் பேசாதீர்கள். முடியாவிட்டால் இரு தரப்பும் மதிக்கும் ஒருவரை, பள்ளிவாசல் அல்லது கோவில் நிர்வாகத்திலிருந்தோ சங்கத்திலிருந்தோ அழையுங்கள். அதற்கும் அடங்காத பணப் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அந்தச் சபை தீர்ப்பு வழங்காது, இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும். சம்பளம், சேமலாப நிதி பற்றிய முறைப்பாடுகளைத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வீட்டில் இப்போது யார் யாரிடம் கூலிக்குப் போகிறோம்? எங்களிடம் யார் வருகிறார்கள்?
2. எங்கள் முதலாளியிடம் நாங்கள் எதிர்பார்ப்பது எது? அதை எங்கள் மேசனுக்கு நாங்கள் செய்கிறோமா?
3. எழுதி வைக்காத கணக்கு ஏதும் உண்டா? அதை இந்தக் கிழமைக்குள் எழுதிவிடுவோமா?

வீடு கட்டி முடிந்ததும் மேசன் போய்விடுவார். ஆனால் சந்தையிலும் பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் அவரை நீங்கள் காண்பீர்கள். அன்று இருவரும் முகம் பார்த்துச் சிரிக்கக் கூடியதாக இன்றைய கணக்கை வையுங்கள்.