போர் முதலில், பெயின்ட் கடைசியில்

சென்னையில் கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய எம்.கே.பி. நகர்ப் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது தெரு மட்டம். மழைநீர் தேங்கும் பகுதி. ரோடும் காலப்போக்கில் உயரலாம். பேஸ்மென்ட் உயரத்தை அதற்கேற்ப முடிவு செய்யவும்.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தள வீடோ முதல் மாடியுடன் கூடிய வீடோ கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்கிறது.

அனுமதி வந்ததும் போர். சுவர் எழும்பிவிட்டால் குறுகலான சந்தில் போர் வண்டி நுழையாது! பிறகு அஸ்திவாரம், தூண், தளம். கான்கிரீட் போடும் முன்பே தளத்துக்கான எலெக்ட்ரிக் பைப்பைப் பதித்துவிட வேண்டும். பிபிசி சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் முட்டுகளைப் பிரிக்க விடாதீர்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு 14 நாள் தேவை.

சுவரில் காடி வெட்டி வயர், தண்ணீர்க் குழாய் வேலைகளை முடித்த பிறகே பூச்சு. பாத்ரூமில் டைல்ஸுக்கு முன் நீர்க்கசிவுத் தடுப்பு பூசி, தண்ணீர் தேக்கிச் சோதித்துப் பாருங்கள்.

பூச்சு நன்றாகக் காயாமல் பெயின்டரைக் கூப்பிட வேண்டாம்.