ஷெட்டில் ஃப்ரீசர் வைக்கலாமா?

பிரிட்டனில் வீடு சிறியது. இரண்டாவது ஃப்ரீசரும் துணி உலர்த்தும் ட்ரையரும் தோட்டத்து மர ஷெட்டுக்குப் போய்விடுகின்றன. டிசம்பர் காலையில் அந்த ஷெட் கூரையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். மழை பெய்யாத நாளிலும் கை நனையும். அந்த ஈரத்தில்தான் பிளக்கின் பித்தளைக் கால்கள் களிம்பேறுகின்றன, தகடு துருப்பிடிக்கிறது.

குளிரும் சும்மா விடாது. சாதாரண ஃப்ரிட்ஜ்-ஃப்ரீசர் பலவற்றில் ஒரே தெர்மோஸ்டாட், அதுவும் ஃப்ரிட்ஜ் பகுதியில் இருக்கும். ஷெட்டே 4 டிகிரிக்கு இறங்கினால் கம்ப்ரசர் ஓடாது; கீழே ஃப்ரீசரில் மீன் இளகி நீர் விடும். லேபிளில் 'எஸ்என்' என்றிருந்தால் குறைந்தது 10 டிகிரி, 'என்' என்றால் 16 டிகிரி வேண்டும்.

என்னென்ன வழிகள்?

ஃபேன் ஹீட்டர்: 2 கிலோவாட் என்றால் மணிக்கு 2 யூனிட். இன்சுலேஷன் இல்லாத ஷெட்டில் அணைத்ததும் சூடு போய்விடும். ஆளில்லாமல் ஓடவிடுவது ஆபத்து.

கேஸ், பாராஃபின் ஹீட்டர்: வேண்டவே வேண்டாம். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். உலர்த்த வந்தது நனைத்துவிடும். கார்பன் மோனாக்சைடு உயிரையே குடிக்கும்.

டியூப் ஹீட்டர்: 100 வாட் குழாய் நாள் முழுக்க எரிந்தாலும் 2.4 யூனிட்தான். தெர்மோஸ்டாட்டோடு வைத்தால் உறைபனியைத் தடுக்கும். ஈரத்தை வெளியேற்றாது.

டீஹியூமிடிஃபையர்: கம்ப்ரசர் வகை குளிரில் சோர்ந்துவிடும், சுருளில் பனி கட்டும். டெசிக்கண்ட் வகை பூஜ்யத்துக்குச் சற்று மேலேயும் உழைக்கும், வெதுவெதுப்பான காற்றையும் விடும். மின்சாரம் கூடுதலாக இழுக்கும். ஈரப்பதத்தை 60 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் கட்டுப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை ஃபெல்ட்டின் கிழிசலை அடையுங்கள், தரையை மண்ணிலிருந்து உயர்த்துங்கள். மரச்சுவருக்கும் 50 மி.மீ. ஃபோம் பலகைக்கும் நடுவே 25 மி.மீ. காற்று இடைவெளி விட்டு, உட்பக்கம் நீராவித் தடுப்புத் தாள் ஒட்டுங்கள். வெளியே காற்றுவிடும் ட்ரையர் என்றால் அதன் குழாய் ஷெட்டுக்கு வெளியேதான் திறக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்காதீர்கள். கவசக் கேபிளும் ஆர்சிடி பாதுகாப்பும் வைத்துப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

எதைத் தேர்வது? ஃப்ரீசர் மட்டும் என்றால், மைனஸ் 15 டிகிரிவரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லும் ஃப்ரீசரை வாங்கி ஒழுகலை அடைத்தால் போதும், ஹீட்டர் தேவையில்லை. ட்ரையரோ வாஷிங் மெஷினோ என்றால் இன்சுலேஷன், டெசிக்கண்ட், டியூப் ஹீட்டர் மூன்றும் சேர்ந்து வேண்டும். இன்சுலேஷனுக்கு இப்போது பணமில்லையா? அது சேரும்வரை இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.