வளர்ந்த பிள்ளையும் மூத்தவர் சொல்லும்



தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூஜை போட்டுத் திரும்பத் திறக்கும் வரைக்கும் நாரணாபுரத்தில் பலருக்குக் கையில் வேலை இருக்காது. வீட்டுப் பேச்சுகள் எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். டிப்ளமோ முடித்தவன் இன்னும் வீட்டிலேயே இருக்கிறானே, சின்னவளுக்கு எப்போது மாப்பிள்ளை பார்ப்பது, வரும் வருஷத்துக்கு எந்த ஆலையில் அட்வான்ஸ் கேட்பது என்று ஆளுக்கொரு கவலை. நிழல்தாங்கலில் உகப்படிப்பு முடிந்து உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். ஆகையால் இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம். இருபது வயதைத் தாண்டிய பிள்ளை தன் காலில் நிற்பதற்குப் பெற்றவர்கள் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும், அதில் வீட்டு மூத்தவர் சொல்லை எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்?

முதலில் அகிலத்திரட்டுக்குப் போவோம். மாசி 20 என்றதும் அய்யா கடலிலிருந்து எழுந்தருளிய கோலம் நம் மனக்கண்ணில் வரும். சுவாமித்தோப்புக்குக் கொடி பிடித்துப் போகிறோம். ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் நின்றிருந்த தாயை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வெயிலாள் அம்மையின் மகனுக்கு அப்போது வயது 24. நோயில் கிடந்தார். கனவில் கிடைத்த கட்டளைப்படி மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோக அம்மை துணிந்தபோது தனியாகப் புறப்படவில்லை. உற்றார் உறவினர் கூட வந்தார்கள்; தொட்டில் கட்டித் தூக்கிப் போனார்கள். அது கொல்லம் ஆண்டு 1008, ஆங்கிலக் கணக்கில் 1833. கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வெளியே வந்தார். தாய் மகனே என்று ஓடிப்போய் அணைக்கப் பார்க்கிறாள். ஆயிரத்தெட்டு வரைக்கும் நான் உனக்கு மகன், இனி நாராயணருக்கு மகன் என்ற பொருளில் அய்யா பதில் சொல்லிவிட்டுத் தெச்சணத்தை நோக்கி நடந்தார்.

அய்யாவின் அவதாரத்தை நம் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி ஒப்பிடுவது தகாது. பாடம் தாயிடம் இருக்கிறது. தொட்டிலில் சுமந்து வந்த பிள்ளை எழுந்து நடக்கும்போது அவரைத் திரும்பத் தொட்டிலில் ஏற்ற முடியாது. சுமப்பதற்கு உறவுக்காரர் தோள் கொடுத்தார்கள் அல்லவா? கையை எடுப்பதற்கும் அதே உறவுதான் தோள் கொடுக்க வேண்டும். ஏனென்றால் பெற்றவளுக்குத் தனியாக அது வராது. பிள்ளைக்கு முப்பது வயது ஆனாலும் தாயின் கண் அவன் தட்டில் சோறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். அப்பத்தாவும் அம்மாச்சியும் தாய்மாமனும் பெரியப்பாவும் அன்பில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு தடவை பிள்ளைகளை வளர்த்து அனுப்பி, அதன் முடிவையும் பார்த்து முடித்தவர்கள். எந்தப் பிள்ளை கொடுத்ததால் எழுந்தான், எந்தப் பிள்ளை கொடுத்ததாலேயே படுத்துவிட்டான் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு எல்லாரும் அறிந்த வரலாறு உண்டு. விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாய் சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்துவைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். முதலைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றதும், தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு விட்டார்கள். சொந்த மாமன் கடைதானே என்று சும்மா உட்கார வைக்கவில்லை. துணி எடுத்துப் போட்டு, கணக்குப் பார்த்து, வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பழகினார். ஆளை எடைபோடும் பழக்கம் அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பின்னாளில் ஒரு மாநிலத்தையே நிர்வாகம் செய்தவருக்கு அது குறைந்த படிப்பு இல்லை.

இது வரைக்கும் மூத்தவர் சொன்னது நடந்தது, நல்லதாகவும் நடந்தது. அடுத்த பகுதியை நாம் பெரும்பாலும் சொல்லாமல் தாண்டிவிடுகிறோம். பையன் கூட்டம், போராட்டம் என்று அலைவதைக் கண்ட குடும்பத்தார் அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமன் காசிநாராயண நாடாரிடம் அனுப்பினார்கள். ஊர் மாறினால் புத்தி மாறும் என்று நம்பினார்கள். அங்கே போனவர் வைக்கம் சத்தியாகிரகத்தில் போய் நின்றார்! திரும்பக் கூட்டிவந்து கல்யாணப் பேச்சை எடுத்தார்கள், மறுத்துவிட்டார். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். எடுத்து வளர்த்த பாட்டி பார்வதி அம்மாள் நோயில் கிடந்தபோதும் பரோலில் வரச் சம்மதிக்கவில்லை. அந்தக் கிழவியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் நமக்கே வலிக்கிறது. ஆனாலும் குடும்பம் அவரைத் தள்ளிவைக்கவில்லை.

இதிலிருந்து மூத்தவர் சொல்லை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். எப்படி உழைப்பது, காசை எப்படிக் காப்பது, யாரை நம்புவது, எந்த வேலையில் என்ன ஆபத்து என்று அவர்கள் சொல்வது அனுபவத்திலிருந்து வருகிறது. அதைத் தட்டக் கூடாது. பிள்ளை யாராக ஆக வேண்டும் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பயத்திலிருந்து வருகிறது. அதையும் மரியாதையாகக் காதில் வாங்க வேண்டும்; ஆனால் முடிவைப் பிள்ளையிடம் விட வேண்டும். கருப்பையா நாடார் கடையில் கற்றுக்கொடுத்தது முதல் வகை. ஊர் மாற்றியதும் கல்யாணம் பேசியதும் இரண்டாவது வகை.

சிவகாசியின் தொழில் தொடங்கிய கதையிலும் இந்த வித்தியாசம் தெரியும். 1920-களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மழை பொய்த்த கரிசல் பூமி, கையில் தொழில் இல்லாத இளவயது, மொழி தெரியாத ஊர். மாதக்கணக்கில் தங்கி, கற்றுக்கொண்டு திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அய்யநாடாருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் அந்த வயதுப் பையனைத் தனியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்ப யோசிக்கிறோம்!

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நாரணாபுரத்தில் பிள்ளைக்கு உதவி என்றால் பெரும்பாலும் அட்வான்ஸ்தான். பையன் வண்டி கேட்கிறான், அல்லது அவனுக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் ஆலையில் தங்கள் பெயரில் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். வாங்கிய கடன் கழிகிற வரைக்கும் வேறு ஆலைக்குப் போக முடியாது. கூலி ஐந்து ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிற இடம் பக்கத்திலேயே இருந்தாலும் போக முடியாது. தீபாவளிக் கணக்கு முடிக்கும்போது போனஸில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்வார்கள். மிச்சத்துக்கு அடுத்த வருஷம். இதற்குள் பையனும் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம் என்று அதே ஆலைக்கு வருகிறான். அவனுக்கு உதவி செய்யப் போய் மூன்று பேரும் ஒரே கயிற்றில் கட்டுண்டார்கள்.

வீட்டுக் கிழவி இதைத்தான் முன்கூட்டியே சொல்லியிருப்பாள். பிள்ளைக்காகக் கை நீட்டாதே, அவன் தன் கூலியில் வாங்கட்டும், ஒரு வருஷம் பிந்தினால் ஒன்றும் குடி முழுகாது என்பாள். நாம் அவளுக்குக் காலம் தெரியாது என்று சிரித்துவிடுவோம். அவளுக்குத் தெரிந்தது சட்டத்திலும் இருக்கிறது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரையோ அவர் குடும்பத்தாரையோ வேலையில் பிணைத்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனே செல்லாது. அநியாய வரியும் ஊழியமும் மக்கள் முதுகில் ஏறியிருந்த காலத்தில் மானமாய் வாழச் சொன்னவர் நம் அய்யா. அந்த மானத்தை ஒரு மோட்டார் சைக்கிளுக்காக நாமே எழுதிக் கொடுக்கலாமா?

பையன் பட்டாசு வேலைக்கே வருகிறான் என்றால், அவனுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது முதல் விஷயம். அதன் பிறகு, மருந்து அறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்ந்த பெரியவர் யாராவது உறவில் இருந்தால், அவர் காலடியில் ஒரு வாரம் அவனை உட்கார வையுங்கள். மருந்து கலப்பதைக் காலையிலேயே முடித்துவிடு, வெயில் ஏறினால் கை வைக்காதே. மிச்சம் விழுந்த மருந்தை மறுநாளைக்கு வைக்காதே. நைலான், பாலியெஸ்டர் சட்டை போடாதே, பருத்தி போடு. எதையும் இழுக்காதே, தேய்க்காதே, வீசாதே. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார வைத்தால், எழுந்து வெளியே வா. கூலி போனால் போகட்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 38 உயிருக்கு மேல் போனதை நம் பகுதி மறக்கவில்லை. பீஸ் ரேட்டில் வேகமாகக் கை ஓட்டுகிற இளவட்டத்துக்கு இந்தப் பெரியவரின் பேச்சு இழுவையாகத்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி. சிவகாசியில் பெண்களுக்கென்றே 1968-இல் எஸ்.எஃப்.ஆர். கல்லூரி வந்துவிட்டது. நம் பெண்கள் படித்து பட்டம் வாங்குகிறார்கள். ஆனாலும் வேலை என்று வெளியூர் போகிறேன் என்றதும், எதற்கு, சீக்கிரம் ஒருவன் கையில் பிடித்துக் கொடு என்று மூத்தவர்கள் சொல்வது நிற்கவில்லை. இது மேலே சொன்ன இரண்டாவது வகைச் சொல். தோள்சீலை போட உரிமை இல்லாமல் இருந்த நம் பாட்டிமார் வழிவந்தவர்கள் நாம். பெண்ணின் காலைக் கட்டுகிற பேச்சு, அது யார் வாயிலிருந்து வந்தாலும், நம் வழிக்கு ஒத்துவராது. அதே பாட்டி, சம்பளத்தை உன் பெயரில் போட்டு வை, நகையைக் கையை விட்டு இறக்காதே என்று சொன்னால், அதை அந்தப் பெண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

உதவிக்கு ஒரு எல்லை வேண்டும் என்பதையும் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கு நம் வழியிலேயே முன்மாதிரி உண்டு. 700 குடும்பங்களை அய்யா வாகைப்பதியில் துவையல் தவசுக்கு அனுப்பினார். துவைத்துக் குளித்து, பச்சரிசியும் சிறுபயறும் ஒரு வேளை உண்டு, சுத்தமும் ஒற்றுமையும் பழகினார்கள். அது அவர்களை என்றென்றைக்கும் அங்கேயே வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடாக இருக்கவில்லை. தவசு முடிந்தது, துவையல் பண்டாரங்கள் என்று பெயர் பெற்று ஊர் ஊராகப் போனார்கள், அவர்கள் போன இடங்களில் தாங்கல்கள் எழுந்தன. வீட்டிலும் அப்படி ஒரு கெடு சொல்லலாம். வேலை தேட ஆறு மாதம் சோறும் பஸ் காசும் உண்டு. ஏழாவது மாதம் முதல் எந்த வேலையாக இருந்தாலும் போய், வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இதை அப்பா சொன்னால் சண்டை வரும். தாய்மாமன் சொன்னால் பிள்ளை முறைத்துக்கொண்டாவது கேட்பான்.

மூத்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பெரியப்பா ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். நடப்பதுதான். யாருக்கு அந்தத் தொழிலில் கை பழக்கம் இருக்கிறதோ அவர் சொல்லுக்கு எடை அதிகம். தன் பிள்ளைகளைக் கடன் இல்லாமல் கரையேற்றியவர் சொல்லுக்கு இன்னும் அதிகம். பிள்ளைக்குத் தெரியாமல் பெரியவர்கள் மட்டும் கூடி முடிவெடுத்து, அதை அவனிடம் தீர்ப்பாக அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கலிலிருந்து வந்ததும் அவனையும் நடுவில் உட்கார வைத்துப் பேசுங்கள். முதலில் அவனைக் கேளுங்கள்: என்ன செய்யப் போகிறாய், அதற்கு எவ்வளவு பணம், எத்தனை மாதம், நடக்காவிட்டால் என்ன செய்வாய். அவன் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அம்மா குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். பார்த்த வரைக்கும் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகவே அம்மாச்சியை அவள் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்கிறோம்.