'ஏ' ஜீவசத்தும் குழந்தைகளின் குடற்காப்பும்

'ஏ' என்னும் ஜீவசத்துக் குறைந்தால் மாலைக்கண் உண்டாகும் என்பது பலரும் அறிந்ததே. அது குடலுக்கும் காவலாவதைச் சிலரே அறிவர். குடலின் உட்சவ்வு இச்சத்தின் உதவியால் பழுதின்றிப் புதுப்பிக்கப்படுகிறது. மேலும், அது ரெட்டினாயிக் அமிலமாக மாறி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களைக் குடலுக்கு வழிகாட்டுகிறது. இது குறைந்தவிடத்துப் பேதி வலுக்கும். பேதி வலுத்தால் உண்ட சத்தும் உடலிற் சேராது.

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 15,419 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1990-ஆம் வருஷம் வெளியாயிற்று. வாரந்தோறும் இச்சத்தைச் சிறிதளவு பெற்றவர்களிடையே மரணம், பெறாதவர்களைவிட 54 சதவிகிதம் குறைந்திருந்தது.

ஆகவே ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை அளிக்கப்படும் மருந்தைத் தாய்மார் தவறவிடலாகாது; அளவு மீறுதலும் கேடாம். இச்சத்துக் கொழுப்பிற் கரைவதாதலின், முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்தே சமைத்தளிக்க வேண்டும்.