இன்னொரு பாய்

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. சென்னையில் நீ தனியாக வீடு எடுத்துவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். அவள் குரலில் கலக்கம் இருந்தது. எனக்கு அந்தக் கலக்கம் இல்லை. உன் பெரியப்பா போனதிலிருந்து 11 வருஷமாக நானும் தனியாகத்தான் இருக்கிறேன். வாசல் தெளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற அந்த அரை மணி நேரத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். உனக்கும் அப்படி ஒரு நேரம் வேண்டியிருக்கிறது. தப்பே இல்லை.

ஆனால் ஒத்தை ஆளுக்கு எதற்கென்று பாய், தட்டு, தம்ளர் எல்லாம் ஒன்றே ஒன்றாக வாங்கி வைத்திருக்கிறாயாமே! அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. விருந்தாளி யாராவது வந்தால் என்ன செய்வாய்?

கோவலன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனதைச் சொல்லிக் கண்ணகி வருந்துவதைச் சிலப்பதிகாரத்தில் படித்திருப்பாய். கணவன் உடன் இல்லாதவள் விருந்து பேணுவது அந்தக் காலத்து முறை இல்லை. வள்ளுவரும் விருந்தோம்பலை இல்லறவியலில்தான் வைத்தார். பெரியப்பா போன புதிதில் நானும் அப்படியே நினைத்து ஒடுங்கிக் கிடந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், பாபநாசம் அருவியில் குளித்துவிட்டு உன் அம்மாவின் தோழிகள் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சொதி வைக்கத் தெம்பில்லை. கூட்டாஞ்சோறு போட்டேன். ஒருத்தி கத்தரிக்காய் நறுக்கினாள், ஒருத்தி முருங்கைக்கீரை உருவினாள், இன்னொருத்தி தேங்காய் துருவினாள். எல்லாம் ஒரே பானையில் வெந்தது. அன்றைக்கு ராத்திரி இந்த வீட்டில் பன்னிரண்டு மணிவரை பேச்சு ஓயவில்லை. விருந்து பேண வீடும் மனசும் இருந்தால் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால் சொல்கிறேன், கேள். வருகிறவர்களுக்காகத் தடபுடல் பண்ணாதே. நீ வைக்கிற ரசத்தையே கொஞ்சம் கூட்டி வை. காய் நறுக்கக் கொடு, அவர்களுக்கும் கூச்சம் போகும். எத்தனை நாள் தங்குவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சும்மா வந்த சொல் இல்லை. நாலாம் நாள் முகம் கோணுவதைவிட முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. மனசு ஒப்பாத ஆளை, உறவு என்பதற்காகத் தங்கவைக்காதே. கதவு உன்னுடையது. யார் வந்திருந்தாலும் உன் காலை நேரத்தை விட்டுவிடாதே.

ஆள் கிளம்பியதும் வீடு பெருக்கக் கூடாது என்பாள் ஆச்சி. போகிறவர்கள் நல்லபடி போய்ச் சேரட்டும் என்றுதான். அந்த நேரம் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். தம்ளர்கள் கழுவாமல் இருக்கும், பாய் சுருட்டாமல் கிடக்கும், அவர்கள் பேச்சு காதுக்குள்ளேயே இருக்கும். அப்புறம் எழுந்து பெருக்கி முடித்தால் வீடு மறுபடி என்னுடையதாகிவிடும். இரண்டுமே சுகம்தான், மகளே. ஒன்று இருப்பதால்தான் இன்னொன்று ருசிக்கிறது.

தை பிறந்ததும் உன்னிடம் வருகிறேன். மூன்று நாள் இருப்பேன். பத்தமடையிலிருந்து பாய் நான் வாங்கி வருகிறேன். தட்டும் தம்ளரும் நீ வாங்கி வை.

அன்புடன்,
உன் பெரியம்மா