அடி தாங்கும் தாடை: முகமது அலியை எப்படி அளப்பது?

நம் வீடுகளில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒருசேரத் தெரிந்த குத்துச்சண்டை வீரர் ஒருவர் உண்டென்றால் அவர் முகமது அலிதான். 1980-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதைக் கண்ட தலைமுறையினர் அலியைப் பற்றிப் பேசினால், "எவ்வளவு அடி வாங்கினாலும் அசையமாட்டார்" என்று வியப்புடன் சொல்வார்கள். அந்த வியப்பு சரியானதா என்பதை இந்த இதழில் மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்ப்போம். விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது மிகவும் தேவையான பாடம்.

ரசிகர்கள் எப்படி அளக்கிறார்கள்?

அடி தாங்கும் வீரரை "நல்ல தாடை உள்ளவர்" என்று குத்துச்சண்டை ரசிகர்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்ற வீரர் ஒருவரின் தாடையை மதிப்பிட அவர்கள் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்பார்கள்.

1. யாரிடம் அடி வாங்கினார்? அலியின் எதிரிகளில் சோனி லிஸ்டன், ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன், எர்னி ஷேவர்ஸ் ஆகியோர் இருந்தார்கள். நால்வரும் ஹெவிவெயிட் பிரிவில் மிகக் கடுமையாகக் குத்துபவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். இந்தக் கேள்வியில் அலிக்கு முழு மதிப்பெண்.

2. விழுந்தாரா, விழுந்தால் எழுந்தாரா? 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடக்கைக் குத்தில் அலி விழுந்தார். எழுந்து அடுத்த சுற்றிலேயே வென்றார். 1971-இல் நியூயார்க்கில் ஃபிரேசியர் அவரைக் கடைசிச் சுற்றான பதினைந்தாவதில் வீழ்த்தினார். உடனே எழுந்து சுற்றை முடித்தார். 1973-இல் கென் நார்ட்டனுடன் மோதியபோது தாடை எலும்பு முறிந்தும் 12 சுற்றுகளையும் ஆடி முடித்தார். மொத்தம் ஆடிய 61 போட்டிகளில் ஒன்றில்கூட அவர் பத்து எண்ணி முடியும் வரை கீழே கிடந்ததில்லை.

3. உண்மையில் எத்தனை குத்துகள் அவர்மேல் பட்டன? பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. இளமையில் அலியைத் தொடுவதே கடினம். கால்களின் வேகத்தாலும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் திறத்தாலும் தப்பித்துவிடுவார். இராணுவத்தில் சேர மறுத்ததால் 1967-இல் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் போட்டியிட முடியாமல் போயிற்று. 1970-இல் திரும்பி வந்தபோது கால்களில் பழைய வேகம் இல்லை. அதன் பிறகுதான் அவர் அடி வாங்கத் தொடங்கினார். 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனைக் குத்தவிட்டுக் களைப்படையச் செய்தார். 1975-இல் மணிலாவில் ஃபிரேசியருடன் 14 சுற்றுகள் மோதினார். பயிற்சியின்போதும், உடல் பழகட்டும் என்று சக வீரர்களைக் குத்தவிடுவது அவர் வழக்கம். அந்த அடிகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

விழாதவருக்குப் பாதிப்பு இல்லையா?

இதற்குக் கனடாவின் டொரொன்டோ நகர வீரர் ஜார்ஜ் சுவாலோ நல்ல எடுத்துக்காட்டு. அவர் 93 போட்டிகள் ஆடியும் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. அலியுடனும் 1966-இலும் 1972-இலும் மோதி, இரண்டு முறையும் கடைசிச் சுற்று வரை நின்றார். ஆனால் 1967-இல் ஃபிரேசியரும் 1970-இல் ஃபோர்மனும் அவரைக் குத்திய குத்தில், அவர் நின்றுகொண்டிருக்கும்போதே போட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே விழவில்லை என்பதும் பாதிக்கப்படவில்லை என்பதும் வேறு வேறு.

காரணம் எளிது. நம் மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தண்ணீர் நிறைந்த செம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பிவிடும், உள்ளிருக்கும் தண்ணீர் சற்றுப் பின்தங்கும். தாடையின் பக்கவாட்டில் விழும் குத்தும் இப்படித்தான் தலையைத் திருப்புகிறது. உள்ளே மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. வலுவான கழுத்தும், வரும் குத்தை முன்கூட்டியே காணும் கண்ணும் இந்தத் திருப்பத்தைக் குறைக்கலாம். ஆனால் பயிற்சியால் தசை வளர்வது போல மூளை அடிக்குப் பழகிக்கொள்வதில்லை.

குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். மயக்கம் வராத சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் மூளைத் திசு சிதையக்கூடும் என்று இன்று அறிகிறோம். இந்தச் சிதைவை இறந்த பின் மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடிகிறது. அலியுடன் இருமுறை மோதிய ஜெர்ரி குவாரி, அடிகளால் வந்த மூளைச் சிதைவினால் பிறர் உதவியின்றி வாழ முடியாத நிலைக்கு ஆளாகி, 1999-இல் 53 வயதில் காலமானார்.

அலியின் கடைசிக் கணக்கு

1977-இல் ஷேவர்ஸுடன் 15 சுற்றுகள் ஆடிய பின், குழு மருத்துவர் ஃபெர்டி பச்செகோ தம் எச்சரிக்கை ஏற்கப்படாததால் விலகிக்கொண்டார். சென்னைக்கு வந்தபோது அலி ஓய்வை அறிவித்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸுடன் மோத மீண்டும் களமிறங்கினார். பத்துச் சுற்றுகள் அடிமேல் அடி வாங்கியும் அன்று அவர் விழவே இல்லை. பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டிதான் போட்டியை நிறுத்தினார். ரசிகர்களின் அளவுகோலின்படி அன்றும் அவருக்கு நல்ல தாடைதான்!

1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவர் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. 2016-இல் 74 வயதில் மறைந்தார். அடிகள் மட்டுமே நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தலைக்காயங்கள் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. "அடி தாங்குவார்" என்ற புகழ் அவரைக் காக்கவில்லை. இன்னும் அதிக அடி வாங்கத்தான் வழி செய்தது.

நம் பிள்ளைகளுக்கு

கால்பந்து, ரக்பி, ஐஸ் ஹாக்கி, கராத்தே என்று நம் பிள்ளைகள் பல விளையாட்டுகளில் ஈடுபடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தலையில் அடிபட்ட பிள்ளையிடம் "ஒன்றுமில்லை, எழுந்து விளையாடு" என்று சொல்லாதிருப்போம்.

• தலைவலி, தலைசுற்றல், குழப்பம், மங்கலான பார்வை, நடந்தது நினைவில்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று விளையாட்டை நிறுத்த வேண்டும். மயக்கம் வந்தால்தான் ஆபத்து என்பதில்லை.

• திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம்: உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

• முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு. பிறகு படிப்படியாகப் படிப்பு. மருத்துவர் அனுமதித்த பின்பே விளையாட்டு. பழைய அடி ஆறுமுன் அடுத்த அடி விழுவதுதான் பெரிய ஆபத்து.

வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று நினைக்க வேண்டாம். தானாக நிறுத்திக்கொள்ளத் தெரியாத மாவீரனுக்கே ஒரு டண்டி தேவைப்பட்டார். நம் பிள்ளைகளுக்கு அந்த டண்டியாக நாம் இருப்போம்.