ஜப்பான் கார் ஸ்டீரியோவை விற்கும் முன்னே



நம் குடும்பத்து ஆண்கள் பல பேர் சென்னையில் டிரைவர் வேலை பார்க்கிறார்கள். அடையாறு, தி.நகர் பக்கம் முதலாளி காரை மாற்றும்போது பழைய ஸ்டீரியோவை "நீயே எடுத்துக்கப்பா"ன்னு கொடுத்துவிடுவது உண்டு. அது ஊருக்கு வந்து பீரோ மேலே தூங்கும். கடன் தவணை நெருங்கும்போதுதான் நினைவு வரும். "ஜப்பான் சாமான், நல்ல விலை போகும்"னு எடுப்போம். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். ஜப்பான் கம்பெனி செட் வேறு, ஜப்பானில் விற்பதற்காகவே செய்த செட் வேறு. பயனியர், கென்வுட், சோனி எல்லாம் ஜப்பான் கம்பெனிதான். ஆனால் வெளிநாடுகளுக்கென்று செய்த செட்டில் எஃப்எம் 87.5 முதல் 108 வரை வரும். நம் நாட்டுக்கு அது பொருந்தும். ஜப்பானுக்கென்று செய்த பழைய செட்டில் 76 முதல் 90 வரைதான். அதற்கு மேலே இருந்த இடத்தை அங்கே முன்பு டிவிக்கு ஒதுக்கியிருந்தார்கள். 2014-க்குப் பிறகுதான் 95 வரை நீட்டினார்கள்.

சென்னையில் ரேடியோ சிட்டி 91.1, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3. கொடைக்கானல் வானொலி 100.5. எல்லாமே 90-க்கு மேலே! அப்படியானால் அந்தப் பழைய செட்டில் இதில் ஒன்றும் கேட்காது. செட் கெட்டுப்போகவில்லை, அதன் எல்லையே அவ்வளவுதான். இலங்கையில் ஜப்பான் பழைய கார்கள் நிறைய ஓடுவதால் அங்கே இது பழகிப்போன சங்கதி. ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் பேண்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கும். 14 குறைக்கிற பெட்டியானால் மிர்ச்சி 84.3-ல் கேட்கும். ஆனால் 104-க்கு மேலே எட்டாது, ஹலோ எஃப்எம் 106.4 கிடைக்காமலே போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். எண்ணை மேலே தள்ளிக்கொண்டே போங்க. 90-ல் நின்று மறுபடி 76-க்குத் திரும்பினால் அது ஜப்பான் செட். மினி டிஸ்க் போடுகிற வாய் இருந்தாலும் சந்தேகப்படலாம். அந்தத் தட்டை சோனி 1992-ல் கொண்டுவந்தது, நம் பக்கம் பரவவே இல்லை. செல்போன் வயர் சொருகுகிற ஆக்ஸ் ஓட்டை இருக்கா பாருங்க. இருந்தால் எஃப்எம் வராவிட்டாலும் பாட்டுக் கேட்கலாம், வாங்க ஆள் வருவார்கள்.

சோதிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்க. கார் செட்டுக்கு 12 வோல்ட்தான். லாரியில் 24 வோல்ட் இருக்கும், அதில் கொடுத்தால் செட் போச்சு. வீட்டு பிளக் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பின்னால் இருக்கிற கப்ளரோடு செட்டைக் கழற்றச் சொல்லுங்க. கார்க்காரர் வயரை வெட்டிவிட்டால் விலையும் வெட்டுதான். கழற்றுகிற முன்பலகை தொலைந்திருந்தால் யாரும் தொடமாட்டாங்க.

விலை எப்படித் தெரியும்? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்கக் கார் சாமான் கடைகள். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடந்து போகிற தூரம். புதுப்பேட்டை பழைய உதிரிப் பாகங்களுக்குப் பேர் போனது. முதலில் வாங்குகிறவர் மாதிரி போய் "இந்த மாதிரி செட் என்ன விலை?" என்று மூன்று கடையில் கேளுங்க. பிறகு விற்கிறவராகக் கேளுங்க. நடுவில் இருக்கிற வித்தியாசம் கடைக்காரர் லாபம். அவரும் பிழைக்கணும்தானே! நேராக ஒரு டாக்ஸி டிரைவருக்கு விற்றால் அதில் பாதியாவது நமக்கு நிற்கும்.

ஆனால் நேராக விற்கும்போது குறையை மறைக்காதீங்க. "எஃப்எம் எல்லாம் சூப்பரா வரும்"னு பொய் சொல்லி விற்றால், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம். ஊருக்குள் விற்றிருந்தால் குழு பேரும் சேர்ந்து அடிபடும்.

இன்னொன்று பயப்படவேண்டியது. காரிலிருந்து ஸ்டீரியோ திருடுவது உண்டு. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், வைத்திருந்தால் குற்றம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் அது வருகிறது. அதனால் கொடுத்த முதலாளியிடம், "இந்த நம்பர் செட்டை இவருக்கு நான் கொடுத்தேன்" என்று இரண்டு வரி எழுதி வாங்கச் சொல்லுங்க. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்கணும்.

விற்கும்போது ஒரு தாளில் மாடல் பெயர், செட்டில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர், தேதி, தொகை, "எஃப்எம் 90 வரைதான்" என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து. இரண்டு நகல், ஒன்று உங்களுக்கு.

வீட்டில் செட் இருக்கிறவங்க அடுத்த குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாங்க. ஊக்குநரோடு உட்கார்ந்து ஸ்டிக்கரைப் படித்து, முதல் தாளை அங்கேயே எழுதிப் பார்ப்போம்.